அணுகுண்டும் புல்டோசரும்: ஆனந்த் பட்வர்தனின் படங்களை நம் வீதிகளில் திரையிடுவோம்

மும்பையின் கிழக்கு விளிம்பில், செம்பூரைத் தாண்டி மான்கூர்டு செல்லும் வழியில் இருக்கிறது அணுசக்தி நகர். அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக எழுப்பப்பட்ட குடியிருப்பு அது. தமிழகத்திலிருந்து சென்ற விஞ்ஞானிகளும் தொழில்நுட்பப் பணியாளர்களும் அங்கே வாழ்கின்றனர். அந்த வளாகத்தின் மதிலுக்கு வெளியே, சிறிது தொலைவில், சீட்டா கேம்ப் என்னும் உழைப்பாளர் குடியிருப்பு இருக்கிறது. அங்கும் தமிழர்கள், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்கள், பெருந்தொகையினராக வாழ்கின்றனர். ஒரே மொழி பேசும் இவ்விரு குடியிருப்புகளுக்கும் இடையே ஒரு வரலாறு புதைந்து கிடக்கிறது.

1974 மே 18 அன்று இந்திய அரசு பொக்ரானில் தனது முதல் அணுவெடிப்பை நிகழ்த்தியது. அதற்கான புளூட்டோனியம், அணுசக்தி நகரை அடுத்துள்ள டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சைரஸ் உலையிலிருந்து பெறப்பட்டது. ஈராண்டுகள் நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, 1976 மே 17 அன்று, அவசரநிலையின் இருட்டில், அதே மையத்தின் நிலத் தேவைக்காக, பக்கத்திலிருந்த ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 70,000 மக்கள் சீட்டா கேம்ப்பின் சதுப்பு நிலத்திற்கு அப்புறப்படுத்தப்பட்டனர். அந்த மக்கள் ஏற்கெனவே ஒருமுறை நகரின் உட்பகுதிகளிலிருந்து மாநகராட்சியால் அகற்றப்பட்டு ஜனதா காலனிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரும் தச்சுத் தொழிலாளியுமான ஜோக்கின் அற்புதம், இந்தக் காலனியைக் காக்கும் போராட்டத்தில்தான் தலைவராக உருவானார். பிற்காலத்தில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டியெழுப்பினார்.

வல்லரசுக் கனவுக்கு ஒரு குண்டு. அந்தக் கனவுக்கு இடம் ஒதுக்க ஒரு புல்டோசர். இரண்டும் ஒரே அரசின் இரு கரங்கள் என்பதை இந்தியத் திரையில் இடையறாது காட்டி வந்தவர் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன். 1950ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த அவர், 1970களின் நடுவில் தொடங்கி, அரை நூற்றாண்டு காலமாகப் படமெடுத்து வருகிறார். உலகின் திரைப்பட விழாக்கள் அவரது படங்களைத் தொகுத்துத் திரையிட்டுப் பாராட்டுகின்றன. அரசின் மும்பை பன்னாட்டுத் திரைப்பட விழாவே 2014இல் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. ஆனால் அந்தப் படங்களில் முகம் காட்டிய மக்கள் வாழும் தெருக்களில் அவை எத்தனை முறை திரையிடப்பட்டுள்ளன? அந்த மக்களின் மொழிகளில் எத்தனை படங்கள் கிடைக்கின்றன? பட்வர்தனின் படைப்புகளைத் திரும்பிப் பார்க்கும் விழா ஒன்று நடக்க வேண்டுமானால் அது சீட்டா கேம்ப்பிலும் தாராவியிலும், நமது கிளைகளின் முன்முயற்சியில், தமிழில் நடக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நகரம் யாருக்குச் சொந்தம்?

1981இல் மகாராஷ்டிர முதல்வராக இருந்த ஏ.ஆர்.அந்துலே, நடைபாதைவாசிகளையும் குடிசைவாசிகளையும் மும்பையிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டார். அதை எதிர்த்துத் தொடரப்பட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985 ஜூலையில் தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. ஆயினும் உரிய அறிவிப்பு கொடுத்து அகற்றலாம் என்று கதவைத் திறந்தும் வைத்தது. அதே 1985இல் வெளிவந்தது பட்வர்தனின் 'ஹமாரா ஷஹர்' (நமது நகரம்). நகரின் கட்டடங்களைத் தம் கையால் கட்டிய தொழிலாளர்களின் கூரைகள் மழைக்காலத்தில் பிய்த்தெறியப்படுவதை அப்படம் காட்டியது. மேட்டுக்குடியினர் நகரின் அழகு பற்றியும் தூய்மை பற்றியும் பேசுவதை, எந்த வர்ணனையும் சேர்க்காமல், அதன் அருகிலேயே வைத்தது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி இன்றளவும் பேசப்படுகிறது. வீடிழந்த ஒரு பெண் கேமராவை நோக்கித் திரும்பி, ஏழைகளைப் படம் பிடித்து நீங்கள் பெயர் வாங்கிக்கொள்வீர்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற பொருளில் சீறுகிறாள். வேறொரு இயக்குநர் அதை வெட்டியெறிந்திருப்பார். பட்வர்தன் அதைப் படத்தில் வைத்தார். அத்தோடு நில்லாமல், 1986இல் சஞ்சய் காந்தி நகர் இடிக்கப்பட்டபோது, நடிகை ஷபானா ஆஸ்மி உள்ளிட்டோருடன் அம்மக்களுக்கு மாற்று நிலம் கோரி உண்ணாநிலைப் போராட்டத்தில் அமர்ந்தார். மாற்று நிலம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் படைப்பாளி அளிக்கக்கூடிய நேர்மையான பதில் அதுதான்.

நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தப் படம் ஏன் தேவை? தாராவியைப் பாருங்கள். மாதுங்காவுக்கு அருகே, ரயில் பாதைகளுக்கு இடையே, தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து சென்ற தோல் தொழிலாளர்களும் பிற உழைப்பாளிகளும் சதுப்பு நிலத்தைத் தூர்த்து உருவாக்கிய ஊர் அது. இன்று அதன் மறுமேம்பாட்டுத் திட்டம் அதானி குழுமத்தின் கையில் இருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாக ஆவணம் காட்டக்கூடியவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் இருப்பவர்களும் பின்னால் வந்தவர்களும் 'தகுதியற்றவர்கள்'. அவர்களைக் குடியமர்த்தத் தேடப்பட்ட நிலங்களில் ஒன்று எது தெரியுமா? தேவ்நார் குப்பைக் கிடங்கின் 124 ஏக்கர். அது சீட்டா கேம்ப்பும் கோவண்டியும் இருக்கும் அதே கிழக்கு மும்பையில் இருக்கிறது. 1976இல் ஜனதா காலனி மக்கள் சதுப்பு நிலத்திற்கு அனுப்பப்பட்டார்கள். இன்று தாராவி மக்களுக்குக் குப்பை மேடு காட்டப்படுகிறது. அன்று காரணம் தேசப் பாதுகாப்பு. இன்று காரணம் வளர்ச்சி. 'ஹமாரா ஷஹர்' ஆவணக் காப்பகத்தில் உறங்க வேண்டிய படமா என்பதைத் தோழர்களே முடிவு செய்யட்டும்.

குண்டின் நிழலில்

1998 மே 11 அன்று, புத்த பூர்ணிமை நாளில், வாஜ்பாய் அரசு பொக்ரானில் மீண்டும் குண்டுகளை வெடித்தது. அம்மாத இறுதிக்குள் பாகிஸ்தான் சாகாயில் பதில் வெடிப்பு நிகழ்த்தியது. இரு நாட்டு வீதிகளிலும் இனிப்பு வழங்கப்பட்டது. அந்த வெறிக்கு எதிராக இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் படம் பிடித்து 2002இல் பட்வர்தன் வெளியிட்டதே 'ஜங் ஔர் அமன்' (போரும் அமைதியும்).

காந்தியின் படுகொலையில் தொடங்கும் அந்தப் படம், வெடிப்பு நிகழ்ந்த பாலைவனத்தை ஒட்டிய கேதோலாய் கிராமத்து மக்களிடம் செல்கிறது. ஜார்க்கண்டில் யுரேனியம் தோண்டப்படும் ஜாதுகூடாவுக்குச் சென்று, கதிர்வீச்சின் விலையைத் தம் உடலால் கொடுக்கும் பழங்குடி மக்களைச் சந்திக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களைப் பேச வைக்கிறது. பாகிஸ்தானில் ஒரு பெண்கள் பள்ளியில், மேடையில் அணுகுண்டை ஆதரித்து முழங்கிய மாணவிகளை, மேடையிலிருந்து இறங்கியபின் அமைதியாக யோசிக்க வைக்கிறது. எதிரி நாடு என்று நமக்குக் காட்டப்படும் மண்ணில் நம்மைப் போலவே போரை வெறுக்கும் மக்கள் இருக்கிறார்கள் என்பதே அப்படம் தரும் மிகப் பெரிய செய்தி. தணிக்கை வாரியம் பதறியது. 21 வெட்டுகளைக் கோரியது. பட்வர்தன் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. 2003இல் மும்பை உயர் நீதிமன்றம் வெட்டுகளைத் தள்ளுபடி செய்தது.

அணுசக்தி நகரில் வாழும் ஊழியர்கள் நமது பகைவர்கள் அல்லர். அவர்களும் மாதச் சம்பளத்திற்கு உழைப்பவர்கள். கதிர்வீச்சுக்கு அருகில் நின்று வேலை செய்பவர்கள். அவர்களுக்குக் கீழே ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். எதிர்க்கப்பட வேண்டியது, அணுசக்தியைப் பற்றிய எந்தக் கேள்வியையும் தேசத்துரோகமாக்கும் இரகசியத்தின் ஆட்சி. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் அந்த இரகசியத்திற்குச் சட்டப் போர்வை அளித்தது. அதன் கொடூர முகத்தைத் தமிழகம் கூடங்குளத்தில் கண்டது. இடிந்தகரையில் கூடிய மீனவ மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் நின்ற பெண்களும் குழந்தைகளும் தடியடிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் ஆளானார்கள். 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் ஒன்றிய அரசு, 2047க்குள் 100 ஜிகாவாட் அணுமின் திறன் என்ற இலக்கை வைத்து, தனியார் நுழைவுக்காக அணுசக்திச் சட்டத்தையும் அணுவிபத்து இழப்பீட்டுப் பொறுப்புச் சட்டத்தையும் திருத்தப் போவதாக அறிவித்தது. பாதுகாப்பின் பெயரால் மக்களுக்குத் திறக்கப்படாத கதவு, முதலாளிகளுக்காகத் திறக்கப்படுகிறது. இத்தகைய நேரத்தில், மதுரையைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி.அமுதன் மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் மக்களிடையே எடுத்த 'கதிர்வீச்சுக் கதைகள்' வரிசையையும் 'ஜங் ஔர் அமன்' படத்தையும் சேர்த்துத் திரையிட்டால், கடலோரக் கிராமத்தின் கேள்வியும் பெருநகரத்தின் கேள்வியும் ஒன்றே என்பது விளங்கும்.

சிவப்பும் நீலமும்

பட்வர்தனின் படங்களில் நமக்கு மிக அவசியமானதும், நம்மை மிகவும் சங்கடப்படுத்துவதும் 'ஜெய் பீம் காம்ரேட்'.

1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டது. அதைக் கண்டித்துத் திரண்ட தலித் மக்கள்மீது மாநில சேமக் காவல் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 10 பேர் மாண்டனர். எரிவாயு டேங்கர்களைக் கொளுத்த வந்தார்கள் என்று காவல்துறை கதை கட்டியது. நான்கு நாட்களுக்குப் பிறகு, பாடகரும் கவிஞருமான விலாஸ் கோக்ரே தம் குடிசையில் தூக்கிட்டு உயிர்விட்டார். 'ஹமாரா ஷஹர்' படத்தில் பாடியவர் அவர். இடதுசாரி மேடைகளில் பாடி வளர்ந்த அந்தக் கலைஞர் இறக்கும்போது தலையில் நீலத்துணி கட்டியிருந்தார். ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பட்வர்தன் 14 ஆண்டுகள் படமெடுத்தார். மூன்று மணி நேரத்திற்கும் மேலாக நீளும் அந்தப் படம் 2011இல் நிறைவு பெற்றது.

கோக்ரே, ஆவ்ஹான் நாட்டிய மஞ்ச் என்ற இடதுசாரிக் கலைக்குழுவில் செயல்பட்டவர். கட்டுப்பாட்டை மீறினார் என்று அதிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அவரது வறுமையை, அவரது சாதியின் காயத்தை, அமைப்பு எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருந்தது என்ற வினாவைப் படம் மெல்ல எழுப்புகிறது. அது ஒரு குழுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் படம் அன்று. சாதி ஒழிப்பை வர்க்கப் போராட்டத்தின் பின்னிணைப்பாகக் கருதும் எந்தக் கட்சிக்கும், எந்தக் கிளைக்கும் அந்த வினா பொருந்தும். கீழவெண்மணியில் செங்கொடியின் கீழ் நின்றதற்காக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் ஏறத்தாழ அனைவரும் தலித் விவசாயக் கூலிகளும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளுமே. அந்த மரபுக்கு உரிமை கொண்டாடும் நாம், நமது கமிட்டிகளில் யார் பேசுகிறார்கள், யார் பாயை விரிக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மும்பையில் சிவப்பும் நீலமும் என்றும் பகையாக இருந்ததில்லை என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. தாராவியை அடுத்த மாதுங்கா லேபர் கேம்ப்பில் வாழ்ந்த தலித் தொழிலாளியும் பொதுவுடைமையருமான அண்ணாபாவு சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் 1944இல் 'லால் பாவ்டா கலாபதக்' என்னும் செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். ஆலைத் தொழிலாளர்களிடையே அவர்களது டஃப் பறை ஒலித்தது. அந்த மரபின் பிற்கால வாரிசே விலாஸ் கோக்ரே. அதே மரபில் வந்த கபீர் கலா மஞ்ச் கலைஞர்கள் 'ஜெய் பீம் காம்ரேட்' படத்திலும் பாடுகின்றனர். அவர்களில் சிலர் மாவோயிஸ்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டுத் தலைமறைவாக நேர்ந்தது. அப்போது பட்வர்தன் விருதாகக் கிடைத்த பணத்தைக் கொண்டு அவர்களுக்கான பாதுகாப்புக் குழுவைத் தொடங்கினார். 2020இல் அக்குழுவினர் மூவர் பீமா கோரேகாவ் வழக்கில் சிறைப்பட்டனர்.

தணிக்கையும் நீதிமன்றமும்

பட்வர்தனின் வாழ்க்கையில் பாதி, எடுத்த படத்தைக் காட்டும் உரிமைக்காகப் போராடுவதில் கழிந்திருக்கிறது. ஜெயப்பிரகாஷ் நாராயணின் பீகார் இயக்கத்தைப் பற்றிய அவரது தொடக்ககாலப் படம், அவசரநிலையில் துண்டு துண்டாக வெளிநாட்டிற்குக் கடத்தப்பட்டு அங்கே மீண்டும் ஒட்டப்பட்டது. 'ஹமாரா ஷஹர்' தூர்தர்ஷனில் வர நான்காண்டு வழக்கு தேவைப்பட்டது. 'தந்தை, மகன், புனிதப் போர்' (1995) படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. 2004இல் மும்பை பன்னாட்டு விழாவுக்கு வரும் இந்தியப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம் என்று அரசு விதிக்க முயன்றபோது, ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு 'விகல்ப்' என்ற மாற்று விழாவை நடத்தினர். அது நடந்த இடம் பிரபாதேவியில் உள்ள பூபேஷ் குப்தா பவன். அரசு அரங்குகள் மூடப்பட்டபோது செங்கொடி பறக்கும் கட்டடம் திறந்திருந்தது. இதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். ஆனால் நினைவுகூர்வதோடு நிறுத்திக்கொள்ளலாகாது.

1990இன் ரத யாத்திரைக் காலத்தில் அயோத்தியில் எடுக்கப்பட்ட 'ராம் கே நாம்', மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே வரவிருந்த பேரழிவை எச்சரித்தது. தேசிய விருதும் பெற்றது. ராமர் கோயில் அர்ச்சகராக நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டிருந்த லால்தாஸ், விசுவ இந்து பரிஷத்தின் அரசியலை அப்படத்தில் துணிந்து அம்பலப்படுத்தினார்; 1993இல் படுகொலை செய்யப்பட்டார். தணிக்கைச் சான்றிதழ் பெற்ற அந்தப் படத்தைத் திரையிட்டதற்காக 2024 ஜனவரியில், கோயில் திறப்புக்கு முதல்நாளையொட்டி, ஐதராபாத்தில் இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர். 'விவேக்' (2018), பகுத்தறிவாளர்களான தபோல்கர், பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் ஆகியோரின் படுகொலைகளைப் பின்தொடர்கிறது. கோவிந்த் பன்சாரே நம் இயக்கத்தின் தோழர். சிவாஜியை மதவெறியர்களிடமிருந்து மீட்டு உழவர்களின் மன்னராக எழுதியவர். 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் சுடப்பட்டார். ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதல் பரிசு பெற்ற அப்படத்தை 2019இல் கேரள விழாவில் திரையிட ஒன்றிய அரசு அனுமதி மறுத்தது. கேரள உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது காட்டப்பட்டது. தமிழகத்தில், மலக்குழி மரணங்களைப் பேசிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) படத்திற்கு நேர்ந்த தடைகளையும் அதன் இயக்குநர் கைது செய்யப்பட்டதையும் நாம் அறிவோம்.

பாராட்டும் விமர்சனமும்

பட்வர்தன் நமது கட்சியின் உறுப்பினர் அல்லர். காந்தியிடமும் அம்பேத்கரிடமும் அவர் கொண்டுள்ள ஈடுபாடு, சில இடங்களில் வர்க்கப் பகுப்பாய்வின் கூர்மையைக் குறைக்கிறது. பீகார் இயக்கத்தின் வழியாக ஜனசங்கமும் ஆர்.எஸ்.எஸ்ஸும் மரியாதைக்குரிய அரசியல் சக்திகளாக மேலேறிய ஆபத்தை அவரது முதல் அரசியல் படம் போதிய அளவு காணவில்லை என்று விமர்சிக்க இடமுண்டு. அதே வேளை, அடுத்து வந்த 'ஜமீர் கே பந்தி' (1978) படத்தில், அவசரநிலைக்கு முன்னும் பின்னும் சிறைகளில் வதைபட்ட நக்சல்பாரி அரசியல் கைதிகளைப் பேச வைத்தவரும் அவரே. பயங்கரவாதம் தலைவிரித்தாடிய பஞ்சாபில் பகத்சிங்கின் பெயரால் சீக்கிய, இந்து உழைப்பாளிகளை ஒன்றுபடுத்த முயன்ற இடதுசாரிகளுடன் நடந்து படமெடுத்தவரும் அவரே. அப்படத்தில் வரும் தோழர் ஜெய்மல் சிங் படா 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நட்புடன் விமர்சிப்போம், விமர்சிப்பதற்கு முதலில் படங்களைப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது

ஆவணப்படம் மக்களுக்குச் சலிப்பூட்டும், மூன்று மணி நேரம் யார் உட்காருவார் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். 'ஜெய் பீம் காம்ரேட்' மும்பையில் பைகுல்லாவின் தொழிலாளர் சால்களில், திறந்தவெளியில், தலித் மக்கள் முன்னிலையில் திரையிடப்பட்டது. மக்கள் அமர்ந்து பார்த்தார்கள். தம் வாழ்க்கையைத் திரையில் காண்பவர்களுக்கு நேரம் ஒரு தடையன்று. மொழியே உண்மையான தடை. இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் கலந்த இப்படங்களுக்குத் தமிழில் எழுத்துரை தயாரிப்பதற்கு நம்மிடம் ஆட்கள் இல்லையா? மும்பைத் தமிழ்த் தோழர்களுக்கு இம்மூன்று மொழிகளும் கைவந்தவை. இயக்குநரின் ஒப்புதலைப் பெற்று அவர்கள் இதைத் தொடங்கலாம்.

சீட்டா கேம்ப்பில் 'ஜங் ஔர் அமன்'. தாராவியில் 'ஹமாரா ஷஹர்'. லேபர் கேம்ப்பில் 'ஜெய் பீம் காம்ரேட்'. தமிழகத்தில் மாவட்டந்தோறும் 'ராம் கே நாம்', 'விவேக்'. ஒவ்வொரு திரையிடலுக்குப் பிறகும் ஒரு மணி நேர விவாதம். அதில் முதலில் பேச வேண்டியவர்கள் அந்தத் தெருவின் மக்கள், குறிப்பாகப் பெண்கள். கிளைச் செயலாளர் கடைசியில் பேசட்டும். ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களில் முதியோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களது நினைவுகளை அந்தக் கூட்டங்களில் பதிவு செய்வோம். தாராவியின் 'தகுதியற்ற' குடும்பங்கள் அவற்றைக் கேட்கட்டும். அணுசக்தி நகரின் ஊழியர்களையும் அழைப்போம். மதிலுக்கு அப்பால் இருப்பவர்கள் யார், எப்படி அங்கே வந்தார்கள் என்பதை அவர்களும் அறிந்துகொள்ளட்டும்.

ஏழைகளைப் படம்பிடித்துப் பெயர் வாங்குகிறீர்கள் என்று சீறிய அந்த நடைபாதைப் பெண்ணின் கேள்வி இயக்குநரோடு முடிந்துவிடுவதில்லை. அவள் குடியிருப்பில் கொடி ஏற்றும் நம்மையும் அது நோக்கியது. பட்வர்தன் தம் பதிலைப் படமாகவும் போராட்டமாகவும் அளித்துவிட்டார். இனி நாம் திரையைக் கட்டி, மக்களை அழைத்து, விளக்கை அணைக்க வேண்டும்.